'நட' என்று சொல்லும் உரிமை

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையின் நடையையும் திருப்பத்தையும் நிதானத்தையும் நுட்பமாக அளந்து பரிசளிக்கும் 'டிரஸ்ஸாஜ்' என்னும் போட்டியில் முதலிடம் பெற்ற ஸ்வீடன் குழுவினர், தங்களில் ஒருவரான பெர்சன் என்பவர் மெய்யாகவே ராணுவ அதிகாரி அல்லர், போட்டியை முன்னிட்டுத் தற்காலிகமாக அப்பதவி அளிக்கப்பட்டவர் என்பது பிற்பாடு வெளிப்பட்டதால், வாங்கிய தங்கப் பதக்கத்தை இழக்க நேர்ந்தது. அதிகாரிகளைத் தவிர வேறொருவரும் அப்போட்டியில் கலந்துகொள்ளலாகாது என்பது அந்நாளைய விதி. அந்தச் சச்சரவின் பயனாக விதி தளர்ந்து, 1952இல் ஹெல்சிங்கி நகரில் கூடிய ஒலிம்பிக்கில் சாதாரணச் சிப்பாய்களுக்கும் குடிமக்களுக்கும், முதன்முறையாகப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அவ்வாறு வந்த நான்கு பெண்களுள் ஒருவர் டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்டெல் அம்மையார். முழங்காலுக்குக் கீழே அவருடைய இரு கால்களும் செயலற்றிருந்தன.

1944ஆம் ஆண்டு செப்டம்பரில், தமது 23ஆம் வயதில், வயிற்றில் சிசுவைச் சுமந்திருந்த சமயத்தில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. அதற்கு முன்பே தம் நாட்டில் குதிரையேற்றத்தில் முதல்வராகப் பெயர் பெற்றவர் அவர்; இனி ஊன்றுகோல்களின் உதவியோடு நடக்க முடிந்தாலே பெரிய காரியம் என்று வைத்தியர்கள் கருதிய நிலையில், கையைத் தூக்குவதிலிருந்து தொடங்கி, தரையில் தவழ்வதற்கும் பிறகு நிற்பதற்கும் புதிதாகக் கற்றுக்கொண்டார். குழந்தை குறைவின்றிப் பிறந்தது. நோய் கண்ட மூன்றாண்டுகளுக்குள் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் வேண்டியிருந்த அவர், ஹெல்சிங்கியில் ஜூபிலி என்னும் பெண்குதிரையின்மேல் அமர்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றபோது, தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஆன்றி சேன்ட் சீர் அவரைத் தாங்கி மேடையில் ஏற்றினார். 1956இல், ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தொற்றுத்தடுப்புச் சட்டங்கள் காரணமாகக் குதிரைப் போட்டிகள் மட்டும் மெல்போர்னுக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, மீண்டும் அதே வெள்ளியை அவர் பெற்றார்.

இதை மனோதைரியத்தின் சரித்திரமாகச் சொல்வது வழக்கம், அது நியாயமும்கூட. ஆயினும் இதில் வேறொரு விசேஷத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். டிரஸ்ஸாஜில் குதிரையோடு பேசுவது பெரும்பாலும் கெண்டைக்கால்களே. விலாவில் அவை எவ்விடத்தில் எவ்வளவு மெதுவாக அழுந்துகின்றன என்பதைக் கொண்டே அது எஜமானின் உத்தேசத்தை அறிந்துகொள்ளும். ஹார்டெல் அம்மையாரிடம் அந்த மொழி அற்றுப்போயிற்று. ஆகவே முதுகெலும்பின் நிமிர்வாலும், இருக்கையில் பாரத்தை அணுவளவு இப்புறமும் அப்புறமும் மாற்றுவதாலும் அவர் பேசத் தொடங்கினார். ஜூபிலி அதைக் கேட்கப் பழகிக்கொண்டது. கால் விளங்காத குறை குதிரைக்குக் குறையாகவே படவில்லை. அதற்கு வேண்டியிருந்தது தெளிவான ஓர் ஆக்ஞையும் தன் முதுகின்மேல் சமநிலை தவறாத ஒரு சரீரமும்தான். மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையைத் துணையாகக் கொண்டு செய்யும் சிகிச்சையின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக என் அபிப்பிராயம்.

ஹெல்சிங்கிப் போட்டிகள் முடிந்த அதே ஆகஸ்டு மாதத்தில் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாக வந்து பற்றியது. பிளெக்டாம் மருத்துவமனையில், சுவாசிக்க இயலாத நோயாளிகளின் படுக்கையருகே மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக அமர்ந்து, கையால் பையை அமுக்கி அவர்கள் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார்கள். அந்நோய்க்கு 1955இல் தடுப்பூசி வந்தது. ஆனால் அதற்குள் கை கால் விளங்காமற்போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அத்தகைய காலத்தில் ஒரு பெண்மணியின் வெள்ளிப் பதக்கம் நார்வேயிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருந்த இயன்முறை மருத்துவர்களைச் சிந்திக்க வைத்ததில் ஆச்சரியமில்லை. 1969இல் பிரிட்டனில் ஊனமுற்றோர்க்கான குதிரையேற்றச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் வட அமெரிக்காவிலும் அதையொத்த சங்கம் ஒன்று தோன்றியது.

குதிரை என்ன செய்கிறது? நடக்கிறது, அவ்வளவுதான். ஓடுவதோ தாவுவதோ இங்கே வேண்டுவதில்லை. அது நான்கு குளம்புகளையும் தனித்தனியே எடுத்து வைத்து நடக்கும்போது, அதன் முதுகு முன்னும் பின்னும் போகிறது, இருபுறமும் சாய்கிறது, சற்றே சுழலவும் செய்கிறது. மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்பும் அப்படியே அசைகிறது. நாம் தரையில் நடக்கும்போது நம் இடுப்பு எவ்வாறு அசையுமோ ஏறத்தாழ அதுவே இது. செரிப்ரல் பால்சி என்னும் மூளை முடக்குவாதத்தால் பிறந்தது முதல் ஓரடியும் எடுத்து வைக்காத குழந்தை, நடப்பவரின் இடுப்பு எப்படி இயங்கும் என்பதைத் தன் உடம்பால் உணர்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை. நிமிஷத்துக்குச் சுமார் 100 தடவை இந்த அசைவு மேலே வருகிறது. 20 நிமிஷத்தில் ஏறத்தாழ 2000 தடவை அக்குழந்தையின் முதுகும் வயிறும் கழுத்தும் தம்மைத் தாமே நேராக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் தாய்மார்கள் இடுப்பில் கால் அகட்டி உட்கார வைத்து வேலை பார்த்துக்கொண்டே நடமாடும்போது, கைக்குழந்தை தானாகவே தலையை நிறுத்தவும் முதுகை நிமிர்த்தவும் பழகுகிறதல்லவா, அதுபோன்றதே இது. குதிரையின் தேக உஷ்ணம் நம்முடையதைவிடச் சற்று அதிகம், ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ். சேணத்தை நீக்கி மெல்லிய மெத்தை ஒன்றை மட்டும் விரித்து உட்கார வைத்தால், அந்த வெதுவெதுப்பும் தாளம் தவறாத அசைவுமாகச் சேர்ந்து, கத்தரிக்கோல்போல இறுகிக் கிடக்கும் தொடைகளை மெல்லத் தளர்த்துகின்றன.

முறையாக நடக்கும் ஒரு நிலையத்தில் காலைப் பொழுதில் நிகழ்வது இது. சக்கர நாற்காலி ஏறும்படி சாய்வாகக் கட்டிய மரமேடையின் பக்கத்தில் மட்டக்குதிரை ஒன்று அசையாமல் நிற்கும். அதன் தலைக்கயிற்றைப் பிடித்தவர் அதன் முகத்துக்கு எதிரே நின்று, மேடையில் நடப்பது எதையும் அது பொருட்படுத்தாதபடி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார். தலைக்கவசம் மாட்டிய குழந்தையை இயன்முறை மருத்துவர் தூக்கி, ஒரு காலை மறுபுறம் கடத்தி, மெத்தையின்மேல் இறக்குவார். இருபுறமும் ஒவ்வொருவர் குழந்தையின் தொடையில் கையை வைத்தபடி கூடவே நடப்பார்கள். முதல் சுற்றில் குழந்தையின் விரல்கள் மெத்தையின் கைப்பிடியை வெளுத்துப்போகும்படி பற்றியிருக்கும், முகவாய் மார்பில் கிடக்கும். மூன்றாவது நான்காவது சுற்றில், குதிரை வளைவில் திரும்பும்போது, எவரும் சொல்லாமலே தலை நிமிர்ந்து எதிர்ப்புறம் சாயும். அப்போது மருத்துவர் திடீரென்று நிறுத்தச் சொல்வார். குழந்தையின் உடம்பு முன்னே சரிந்து, பின்வாங்கி, நடுநிலைக்கு வந்து நிற்கும். பிறகு கைகளை விடச் சொல்வார், பிடரியைத் தடவச் சொல்வார், சில வேளைகளில் குதிரையின் வாலைப் பார்த்தபடி திருப்பி உட்கார வைத்து, இரு உள்ளங்கைகளையும் அதன் பின்புறத்தில் ஊன்றச் சொல்வார். விளையாட்டாகத் தோன்றும் இவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு தசைக்காகவும் மூட்டுக்காகவும் தேர்ந்தெடுத்தவை. குதிரையின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வட்டத்தைச் சுருக்குவதும் அந்த மருத்துவரின் கையிலிருக்கும் மருந்தளவு.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தசை இறுக்கமுள்ள 15 குழந்தைகளில் சிலரை நடக்கும் குதிரையின்மேல் 8 நிமிஷமும், மற்றவர்களை அசையாத பீப்பாய் ஒன்றின்மேல் அதே 8 நிமிஷமும் உட்கார வைத்தார்கள். இடப்பக்கத் தசைக்கும் வலப்பக்கத் தசைக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு குதிரைமேல் அமர்ந்தவர்களிடம் வெகுவாகக் குறைந்தது, பீப்பாய்மேல் அமர்ந்தவர்களிடம் குறையவில்லை. கால்களை அகட்டி உட்காருவதால் அன்று, குதிரையின் நடையால்தான் பலன் உண்டாகிறது என்பதை இந்த எளிய பரீட்சை பிரத்தியட்சமாகக் காட்டிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுடைய 70 பேரைக் கொண்டு ஜெர்மனியில் 12 வாரம் நடத்தி, 2018இல் வெளியிட்ட ஆய்வில், குதிரைச் சிகிச்சை பெற்றவர்களின் சமநிலை மற்றவர்களினும் மேம்பட்டிருந்தது. ஆட்டிசம் உள்ள 127 சிறுவர் சிறுமியரைப் பற்றிய 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு இன்னும் சிந்தனைக்குரியது: ஒரு பிரிவினர் 10 வாரம் குதிரையேறினார்கள், மறு பிரிவினர் அதே லாயத்தில் குதிரைகளைப் பற்றிப் பாடம் கற்றார்களேயன்றி உயிருள்ள குதிரையைத் தொடவில்லை. ஏறியவர்களிடம் எரிச்சலும் ஓயாத பரபரப்பும் குறைந்தன. பேச்சில் சொற்கள் கூடின.

இவையெல்லாம் நம்பிக்கை தருகின்றன. ஆனால் 15 என்பதும் 70 என்பதும் சிறு எண்கள். செரிப்ரல் பால்சி குணமாகும் என்றோ, ஆட்டிசம் நீங்கிவிடும் என்றோ, பேசாத பிள்ளை பேசிவிடும் என்றோ குதிரையைக் காட்டி வாக்குக் கொடுப்பவர் எவராயினும் அவர் பெற்றோரின் துயரத்தை விலைபேசுகிறார் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். பல வைத்தியசாலைகளின் படியேறி, நகையை அடகு வைத்து, கடைசியில் எதையும் நம்பத் தயாராக வந்து நிற்கும் தாயிடம் மிகைப்படுத்திப் பேசுவது பாவம். மேலும் எல்லோரும் குதிரையேறத் தக்கவர் அல்லர். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே உறுதி போதாமல் இருக்கும்; அதைப் பரிசோதிக்காமல் ஏற்றினால் தண்டுவடத்துக்கே ஆபத்து நேரலாம். இடுப்பு மூட்டு விலகியவர்கள், அடங்காத வலிப்புடையவர்கள், முதுகெலும்பு மிகவும் வளைந்தவர்கள் ஆகியோரை மருத்துவரின் அனுமதியின்றிக் குதிரையருகே கொண்டுபோகவே கூடாது.

இவ்வளவு எச்சரிக்கைகளுக்குப் பிறகும் இச்சிகிச்சைக்காக நான் வாதாடுவது, தசையையும் மூட்டையும் பற்றிய கணக்குக்காக மட்டும் இல்லை. உடற்குறையுள்ள குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பிறர் எழுப்புகிறார்கள், பிறர் குளிப்பாட்டுகிறார்கள், பிறர் தூக்கி உட்கார வைக்கிறார்கள். எப்போது சாப்பிடுவது, எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது என்பதைக்கூடப் பிறரே தீர்மானிக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆயினும் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து ஆணை என்று ஒன்று பிறப்பதற்கு அந்த நாளில் இடமே இல்லை. குதிரைமேல் அமர்ந்த மாத்திரத்தில் முறை மாறுகிறது. 'நட' என்று குழந்தை சொன்னால், அல்லது சொல்ல வராதபோது பிடரியை ஒருமுறை தட்டினால், தன்னைப்போல் பத்து மடங்கு எடையுள்ள ஒரு ஜீவன் நடக்கிறது. 'நில்' என்றால் நிற்கிறது. நல்ல நிலையங்களில், குழந்தை சொல்லும்வரை எவ்வளவு நேரமானாலும் குதிரையை நகர்த்தாமல் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பையே நான் இச்சிகிச்சையின் உயிர்நிலையாக மதிக்கிறேன்.

பிரிட்டனின் லீ பியர்சன், பிறவியிலேயே மூட்டுகள் இறுகி, கை கால்கள் முறுக்கிக்கொண்டு பிறந்தவர். 1980இல், ஆறு வயதுச் சிறுவனாக அவர் வீரச் சிறுவர் விருது பெற லண்டனுக்குச் சென்றபோது, பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் இல்லத்தின் மாடிப்படிகளில் அவரைக் கைகளில் ஏந்திச் சென்றார். நாடே அதை நெகிழ்ந்து பார்த்தது. அச்சிறுவன் வளர்ந்து, 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருந்த குதிரையேற்றத்தில் 2000ஆம் ஆண்டு முதல் கலந்துகொண்டு, டோக்கியோ வரையில் 14 தங்கப் பதக்கங்களைக் குவித்தார். டோக்கியோவில் அவர் ஏறிய பிரீசர் என்னும் குதிரை அவரே பிறப்பித்து வளர்த்தது. தூக்கிச் செல்லப்படுவதற்கும் தான் செலுத்துவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாக வேறொன்று காட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

குதிரையைப் பற்றியும் பேசியாக வேண்டும். இவ்விஷயத்தில் எழுதுகிறவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சமநிலையற்ற சரீரத்தைச் சுமப்பது, சமநிலையுள்ள சரீரத்தைச் சுமப்பதைவிடக் குதிரைக்குக் கடினம். குழந்தையின் பாரம் ஒரு பக்கமே சரிந்திருக்க, கூட நடப்பவரும் தம்மை அறியாமல் அப்பக்கமே சாய்ந்தால், நாளடைவில் அதன் முதுகு நோகும். காது பின்னால் மடங்குவதும், காரணமின்றி வால் வீசுவதும், மெத்தையைக் கொண்டுவரும்போதே உடலைக் குறுக்கிக்கொள்வதும் அது தன் வலியைச் சொல்லும் விதங்கள். அதைக் கவனிப்பவர் லாயத்தில் இருக்க வேண்டும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றலாகாது என்பது பொதுவாக வழங்கும் வரம்பு. ஒரு நாளில் ஒரு குதிரை இத்தனை குழந்தைகளையே சுமக்கலாம் என்ற கட்டுப்பாடும், வாரத்தில் ஓய்வு நாட்களும், திறந்த வெளியில் தன் இனத்தோடு மேய்ந்து திரியும் நேரமும் அதற்குக் கிடைக்க வேண்டும். சலித்துப்போன குதிரையின் நடை தேய்ந்துவிடும். நடை தேய்ந்தால் சிகிச்சையே இல்லை.

பிரிட்டனில் இம்முயற்சி பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பால் நடக்கிறது; குதிரையைப் பிடிப்பவரும் கூட நடப்பவரும் லாயத்தைக் கூட்டுபவரும் அந்தந்த ஊரார், ஊதியம் வாங்காதவர்கள். 1971 முதல் இளவரசி ஆன் அங்குள்ள ஊனமுற்றோர்க்கான குதிரையேற்றச் சங்கத்தை ஆதரித்து வருவதும் அதற்கு மதிப்பைத் தேடித் தந்தது. ஸ்விட்ஸர்லாந்து வேறொரு வழியைத் தேர்ந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கும் செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளுக்கும், தகுதி பெற்ற இயன்முறை மருத்துவர் நடத்தும் குதிரைச் சிகிச்சைக்கான செலவைச் சமூகக் காப்பீடே ஏற்கிறது. எவருக்கு, எந்த நோய்க்கு, யார் கையால் என்று மூன்றையும் வரையறுத்துவிட்டுப் பிறகே பணத்தைக் கொடுக்கிறார்கள். இவ்விரண்டில் ஸ்விஸ் வழியையே நான் விவேகமானதாகக் கருதுகிறேன். தொண்டு மனம் மேலானது. ஆனால் தொண்டர் வராத வாரத்தில் குழந்தை வீட்டில் இருக்க நேரிடலாகாது.

நம் நாட்டில் பெருநகரங்களிலுள்ள தனியார் குதிரையேற்ற நிலையங்கள் சில இச்சேவையை அளிக்கின்றன. கட்டணம் செலுத்த வல்லவர்களின் பிள்ளைகள் பயனடைகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, விளையாட்டில் அவர்கள் முறையாகப் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டுமென்று விதிக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல குறைபாடுகள் ஒருங்கே உடையவர்களுக்கென்று மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று 2005 முதல் இயங்குகிறது. அங்கே இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் வருகிறார்கள். சென்னைக் காவல்துறையில் குதிரைப்படை இருக்கிறது. குதிரையை அறிந்து பராமரிக்கும் கைகள் அதில் உண்டு. இவர்களை ஓரிடத்தில் கூட்டுவிக்க அரசாணை ஒன்று போதும்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளை இதற்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனைதான். ஆனால் இரண்டு வயது முதல் கதவு திறந்ததும் பாயப் பழக்கிய குதிரை, பின்னால் ஒரு குழந்தை வீறிட்டால் என்ன செய்யுமென்று எவரும் உறுதி கூற முடியாது. நீண்ட மறுபயிற்சிக்குப் பிறகு அவற்றில் சில தேறலாம், பெரும்பாலானவை தேறமாட்டா. கடற்கரையில் சிறுவர்களைச் சுமந்து நாள் முழுவதும் மணலில் நடக்கும் குதிரைகளையும் அப்படியே கொண்டுவர இயலாது. அவற்றுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் வைத்தியமும். அகன்ற முதுகும் சாந்த சுபாவமும் சீரான நடையும் உள்ள நடுவயது மட்டக்குதிரைகள் இரண்டைத் தேடிப் பிடிப்பதே சரியான ஆரம்பம்.

ஆகவே மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு என் வேண்டுகோள் இது. முட்டுக்காட்டு நிறுவனத்தோடு கலந்து, நிழலுள்ள ஒரு சிறு மணற்களமும், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும் முதலில் அமையட்டும். இயன்முறை மருத்துவர் நால்வருக்கும் குதிரைப் பராமரிப்பாளர் நால்வருக்கும் ஓராண்டுப் பயிற்சி கிடைக்கட்டும். மருத்துவரின் எழுத்துமூல அனுமதியும், வேண்டியவர்க்குக் கழுத்தின் எக்ஸ்ரேயும் இன்றி ஒரு குழந்தையையும் ஏற்றக்கூடாது. முதல் நாளிலேயே ஒவ்வொரு குழந்தையின் உட்காரும் திறனையும் சமநிலையையும் அளந்து எழுதிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்த கணக்கை, பலன் காணாதவர்களின் கணக்கையும் சேர்த்து, பகிரங்கமாக வெளியிட வேண்டும். அரசுப் பள்ளிகளின் சிறப்புக் குழந்தைகளுக்குக் கட்டணம் கூடாது. அவர்களை அழைத்துவரும் தாய்க்கு அன்றைய கூலி நஷ்டமாகாதபடி போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு தொகையும் தர வேண்டும். இதற்கென்று வருகிற நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு ஒன்று திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.